மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும்: தமிழ் மின்னூல் தன்னார்வமும் எந்திரத்தின் பங்கும்

1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த முனைவர் கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி வைப்பதுதான் நோக்கம். ஊதியம் கிடையாது. வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள் பகலில் தங்கள் பிழைப்பைப் பார்த்துவிட்டு, இரவிலும் விடுமுறை நாளிலும் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்து பக்கம் பக்கமாக அடித்தார்கள். வரிசை எண் 1 திருக்குறளுக்குப் போனது. சங்க நூல்களும் பக்திப் பாடல்களும் சிற்றிலக்கியங்களும் பின்னாலேயே வந்தன. இன்று இணையத்தில் ஒரு பழந்தமிழ் அடியைத் தேடுகிறவர், தமக்குத் தெரியாமலேயே, அப்படி யாரோ ஒருவர் வீட்டில் அடித்த வரியில்தான் பெரும்பாலும் போய் நிற்கிறார்.

அந்த வேலை எத்தனை தொல்லை பிடித்தது என்பது இப்போது மறந்துபோயிருக்கிறது. ஒருங்குறி பரவாத காலம் அது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்ததால், ஒருவர் அடித்ததை மற்றவர் திறந்தால் பொருளற்ற குறிகள்தான் தெரியும். கல்யாணசுந்தரம் தாமே மயிலை என்னும் எழுத்துருவை உருவாக்கிப் பரப்பினார். பிறகு பல நாட்டுத் தமிழர்கள் மடற்குழுவில் விவாதித்து, திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதன்பின் ஒருங்குறி வந்தபோது, முன்பு சேர்த்தவற்றையெல்லாம் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. இந்த மாற்றங்களையும் ஊதியமில்லாமல்தான் செய்தார்கள். ஒவ்வொரு மின்பதிப்பின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், எந்த ஊர், எந்த நாடு என்ற குறிப்பு இருக்கும். நான் அந்தக் குறிப்பைத் தவறாமல் படிக்கிறவன். ஒரு நூலின் பதிப்பு வரலாறு அதில் தொடங்குகிறது.

இன்றைக்கு அதே வேலையை எந்திரம் செய்கிறது. ஒரு பக்கத்தின் படத்தைக் கொடுத்தால், ஒரு சில நொடிகளில் எழுத்துகளைப் பிரித்துத் தந்துவிடுகிறது. ஆகவே இனித் தன்னார்வலர் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. என் முடிவு நேர்மாறானது. எந்திரம் வந்தபின் தன்னார்வ உழைப்பின் தேவை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாறிய வேலை முன்னைவிட நுணுக்கமானது. வெளியே தெரியாதது. செய்கிறவருக்கு முன்னைவிடக் குறைந்த நிறைவையே தரக்கூடியது. இந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. வேலையையும் தானியங்கிகளையும் பற்றிப் பேசும்போது எத்தனை பேருக்கு வேலை போகும் என்று கணக்கிடுகிறோம். மிஞ்சுகிற வேலை எப்படிப்பட்டது என்று கேட்பது அரிது.

கோத்தவர்கள், அடித்தவர்கள்

பிழைப்புக்கு ஒரு தொழில், மனத்துக்கு ஒரு நூல் என்ற வாழ்க்கை தமிழில் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை அரசுப் பணியில் இருந்தவர், பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். கலித்தொகை 1887இல் அவர் பதிப்பாக வந்தது. அதே 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். வகுப்பெடுப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஏடு தேடி ஊர் ஊராகப் போனதும், பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டதும், அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்தியதும் அந்தச் சம்பளத்தில் அடங்காதவை. கையொப்பக்காரர்களிடம் முன்பணம் திரட்டி அச்சுச் செலவைச் சமாளித்தார்கள். இன்றைய சொல்லில் இவர்கள் தன்னார்வலர்கள். அந்தப் பெயரால் அவர்களை நாம் அழைப்பதில்லை, பதிப்பாசிரியர் என்கிறோம். அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பாடத்துக்குப் பொறுப்பேற்று, சரி தவறு இரண்டுக்கும் தம் பெயரை முன்வைத்ததால் வந்தது.

அவர்களுக்குக் கீழே இன்னொரு கூட்டம் இருந்தது. அவர்கள் கம்பாசிட்டர்கள். ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இடம் வலம் மாறிய எழுத்தைக் கண்ணால் அறிந்து, வரி வரியாகக் கோத்தவர்கள். அச்சு முடிந்ததும் அதே எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட்டவர்களும் அவர்களே. எழுத்தாளர் விந்தன் இந்தத் தொழிலிலிருந்து வந்தவர். கதைகளைக் கோத்துக் கோத்தே கதை எழுதக் கற்றவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. கணினியும் ஆஃப்செட்டும் வந்தபோது இந்தத் தொழில் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் முடிந்துபோனது. சிலர் கணினித் தட்டச்சுக்கு மாறினார்கள், பலரால் முடியவில்லை. இது கூலிக்கு உழைத்தவர்களின் கதை. எந்திரம் வந்ததால் அவர்கள் இழந்தது வாழ்வாதாரம். தன்னார்வலரின் நிலையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்த வேறுபாடு இப்போதும் உயிரோடிருக்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் மேல்நாட்டுப் பதிப்பகங்களுக்காகப் புத்தகப் பக்கங்களை அடித்து, அடுக்கி, மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தானியங்கி என்பது அடுத்த மாதச் சம்பளம் பற்றிய கேள்வி. ஊர்தோறும் இருக்கும் தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தேர்வுக்குப் பழகும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தன்னார்வலர் நிறைய இருக்கிறார்கள் என்பதைக் காட்டி, சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை ஓர் அரசோ நிறுவனமோ இலவசமாக வாங்கிக்கொண்டால் அது சுரண்டல். தன்னார்வத்தைப் போற்றுகிறவர்கள்தான் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

எந்திரத்தின் கண்

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும் எழுத்துணரிகளில் பரவலாகப் பயன்படுவது டெசராக்ட். ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் பிரிஸ்டல் ஆய்வுக்கூடத்தில் 1985இல் பிறந்து, பல ஆண்டு தூங்கி, 2005இல் திறமூலமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் அதன் வளர்ச்சிக்குப் பணம் கொடுத்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பு, தனித்தனி எழுத்தின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் பழைய வழியை விட்டு, வரி முழுவதையும் நரம்பு வலையமைப்பின் வழியே படிக்கும் முறைக்கு மாறியது. இதற்கிடையில் கூகுள் தன் சொந்த எழுத்துணரியைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்குத் திறந்துவிட்டது. தமிழுக்கு அதுவரை கிடைத்ததைவிட அது பல மடங்கு மேல்.

இந்தக் காலத்தில்தான், தன்னார்வலர்கள் நூல்களை இணையத்தில் சேர்க்கும் தளமான தமிழ் விக்கிமூலத்தில் பெரிய மாற்றம் நடந்தது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் 2000க்கும் மேற்பட்டவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்போடு ஸ்கேன் பக்கங்களாக அங்கே ஏறின. தன்னார்வலர்கள் எழுதிய நிரல் ஒன்று, அந்தப் பக்கங்களைக் கூகுள் எழுத்துணரிக்கு அனுப்பி, கிடைத்த எழுத்துகளை வாங்கி, விக்கிமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வைத்தது. மனிதர்கள் அடிக்க வேண்டுமென்றால் ஒரு தலைமுறை ஆகும் அளவு அது. பாரதியின் எழுத்துகளை 1949இல் சென்னை மாகாண அரசு விலைகொடுத்து வாங்கிப் பொதுமக்களுக்கு உரியதாக்கிய மரபின் தொடர்ச்சி என்று இதை நான் பார்க்கிறேன். உரிமை மக்களிடம் வந்ததோடு, நூலே அவர்கள் கைக்கு வரத் தொடங்கியது.

இனிப் பிழைகளுக்கு வருவோம். ஒரு பக்கத்தில் 1500 எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 98 சரியாகப் படிக்கும் எந்திரம் அந்தப் பக்கத்தில் 30 பிழை விடும். 300 பக்க நூலில் 9000 பிழைகள். நூற்றுக்கு 99 என்றாலும் 4500. தமிழில் இந்தப் பிழைகளுக்குத் தனி இயல்பு உண்டு. ரகரமும் துணைக்காலும் அச்சில் ஒன்றுபோலத் தெரிவதால் 'மரம்' 'மாம்' ஆகும். அதைக் கண் பிடித்துவிடும். அதே குழப்பம் 'அவர்' என்ற சொல்லின் கடைசியில் வந்தால், துணைக்காலின் மேல் புள்ளி வைத்த 'அவா்' கிடைக்கும். பார்வைக்கு வேறுபாடே இல்லை. கணினித் தேடலில் மட்டும் அந்தச் சொல் அகப்படாது. ஔகாரக் குறியும் ளகரமும் ஒன்றோடொன்று மாறும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். றா, னா, ணா போன்றவையும் சுழித்த வடிவில்தான். இவற்றில் எந்திரம் தடுமாறும். நாட்டுடைமையான நூல்களில் பெரும்பகுதியின் முதற்பதிப்பு அந்தக் காலத்தது. இதோடு மங்கிய மை, மறுபக்கத்து எழுத்து ஊறித் தெரியும் மெல்லிய தாள், இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தை ஒரே வரியாக இணைத்துவிடும் தவறு, செய்யுளின் அடிக்குறிப்பு எண் அடிக்குள்ளேயே புகுந்துகொள்வது எல்லாம் சேரும்.

எந்திரம் மேம்படும், பிழை குறையும் என்பார்கள். மேம்படத்தான் செய்கிறது. மேம்பட மேம்பட மிஞ்சும் பிழையின் தன்மை மாறுகிறது என்பதே நான் சொல்ல வருவது. பழைய எழுத்துணரியின் பிழை கண்ணைக் குத்தும், பொருளற்ற எழுத்துக் கூட்டமாகக் கிடக்கும். புதிய மொழிமாதிரிகள் சூழலை ஊகித்து எழுதுகின்றன. அவை விடும் பிழை நல்ல தமிழாகவே இருக்கும். மூலத்தில் 'யாமை' என்று இருப்பதை 'ஆமை' என்று திருத்திவிடக்கூடும். கொள்ளிக்கட்டையைக் குறிக்கும் 'ஞெகிழி' பிளாஸ்டிக்கைக் குறிக்கும் 'நெகிழி'யாகிவிடக்கூடும். அரிய சொல்லைப் பழகிய சொல்லாகவும், வட்டார வழக்கைப் பொது வழக்காகவும் மாற்றிவிட்டுச் சரளமாக ஓடும் ஒரு பாடம் கிடைக்கும். மூல நூலை எதிரே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடாதவர் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கி. ராஜநாராயணன் போன்ற ஒருவரின் கரிசல் எழுத்து இப்படித் திருத்தப்பட்டால், நூல் கிடைத்தது போலத் தோன்றும், எழுத்தாளர் கிடைத்திருக்க மாட்டார்.

விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறம் உண்டு. எந்திரம் தந்தபடியே இருப்பது சிவப்பு. ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாதபடி மென்பொருளே தடுத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பின்னால் இருக்கும் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு மனிதர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தம் பிழையைத் தாமே காண மாட்டார் என்ற பழைய அச்சுக்கூட அனுபவம் அதில் இருக்கிறது.

இந்த வேலை மனிதரிடம் எதைக் கேட்கிறது என்பதை உளவியல் எப்போதோ ஆராய்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் சில அடையாளங்களைத் தவறவிட்டார்கள் என்று அறிய, நார்மன் மேக்வொர்த் சோதனைகள் நடத்தி 1948இல் முடிவுகளை வெளியிட்டார். அரிதாக வரும் ஒன்றுக்காகக் காத்துப் பார்க்கும் வேலையில், அரைமணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்குகிறது. சோம்பல் இதற்குக் காரணம் அல்ல, மூளையின் இயல்பே அப்படி. 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர், தானியங்கிகள் பற்றி எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் இதை மேலே கொண்டுபோனார். எளிய பகுதிகளை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, கடினமானதையும் எதிர்பாராததையும் மனிதருக்கு மிச்சம் வைக்கிறோம். கூடவே எந்திரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பையும் தருகிறோம், அது மனிதருக்குக் கைவராத வேலை. அன்றாடம் செய்து பழகினால்தான் திறன் நிலைக்கும், செய்கிற வாய்ப்பையோ பறித்துவிட்டோம். அவர் கண் முன்னால் இருந்தவை வேதித் தொழிற்சாலைகளும் விமானிகளின் அறைகளும். மெய்ப்புப் பார்க்கும் தமிழ்த் தன்னார்வலருக்கு அந்தக் கட்டுரை அப்படியே பொருந்துகிறது.

பக்கத்துக்கு 30 பிழை இருக்கும்போது கண் விழிப்பாக இருக்கும். இரண்டு பக்கத்துக்கு ஒரு பிழை என்று ஆகும்போது, கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எந்திரம் நன்றாகச் செய்யும் இடத்தில்தான் மனிதர் அதிகம் தவறவிடுவார்.

தட்டச்சு செய்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு நூலை முழுவதும் அடித்தவர் அதன் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வழியாகக் கடந்திருக்கிறார். எங்கே புலவர் ஒரே தொடரைத் திரும்பச் சொல்கிறார், எங்கே உரைகாரர் தயங்குகிறார் என்பதெல்லாம் அடிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். வேலையே வாசிப்பாக இருந்தது. அதுதான் அவருக்குக் கிடைத்த கூலி. இரத்த தானத்தை ஆராய்ந்து 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் எழுதிய நூல், கொடுப்பதற்கு மக்களிடம் இருக்கும் விருப்பத்தை ஒரு சமூகம் காப்பாற்றி வளர்க்கலாம், அழிக்கவும் செய்யலாம் என்று வாதிட்டது. பணம் புகுந்தால் அது குலையக்கூடும் என்பது அவர் கவலை. வேலையிலிருந்து பொருளை எடுத்துவிட்டாலும் அது குலையும் என்பது என் கவலை.

கூகுள் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வந்தபோது

தன்னார்வலரும் கூலி உழைப்பும் எந்திரமும் ஒரே களத்தில் சந்தித்த நிகழ்ச்சி ஒன்று தமிழில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அதிலிருந்து கற்க நிறைய உண்டு, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான இ. மயூரநாதன் அதன் தொடக்கக் காலத்தில் ஏறக்குறையத் தனியாளாக உழைத்தார். பிறகு தமிழ்நாடு, இலங்கை, வளைகுடா, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். 2009இல் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தி, கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், வங்காளம், இந்தி போன்ற மொழிகளில் ஏற்றத் தொடங்கியது. எந்திரம் முதல் வரைவைத் தரும், மனிதர் திருத்துவார், திருத்தத்திலிருந்து எந்திரம் கற்கும். இந்திய மொழிகளில் நல்ல இணைமொழித் தொகுப்பு இல்லாத குறையை அது தீர்க்கும்.

பெரிய பெரிய கட்டுரைகள் வந்து விழுந்தன. எண்ணிக்கை ஏறியது. ஆனால் அமெரிக்கப் பாடகர்கள், ஹாலிவுட் படங்கள் என்று தமிழ் வாசகர் தேடாத தலைப்புகள் பல. வாக்கியங்கள் ஆங்கில அடுக்கிலேயே கிடந்தன. இணைப்புகளும் வார்ப்புருக்களும் உடைந்திருந்தன. எழுதியவரிடம் பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது. அவர் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டவர். திருத்தும் பொறுப்பு முழுவதும் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே இருந்த சிலர் தலையில் விழுந்தது. தாங்கள் விரும்பி எழுத வந்ததை விட்டுவிட்டு, பிறர் விட்டுப்போன பிழைகளைத் திருத்தும் வேலையாட்களாக ஆனார்கள். வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் குறைகளை அடுக்கிக் காட்டி, கூகுளோடு பேசி, தலைப்புத் தேர்விலும் தரத்திலும் மாற்றம் கேட்டார்கள். 2010இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் இந்த அனுபவத்தை ஆய்வறிக்கையாக முன்வைத்தார். உலகின் பெரிய நிறுவனம் ஒன்றின் தானியங்கித் திட்டத்தை, ஊதியமில்லாத ஒரு சிறு குழு உட்கார்ந்து மதிப்பிட்டு, இன்னது சரியில்லை என்று சொன்ன அந்தச் செயலைத் தமிழ்க் கணிமை வரலாற்றில் உயர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

எண்ணிக்கைக்காக எந்திரத்தை ஓடவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழி விக்கிப்பீடியா சான்று. அதில் 60 இலட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் உண்டு. பெரும்பான்மை, ஸ்வெர்க்கர் யோகான்சன் என்ற ஸ்வீடன்காரர் எழுதிய நிரல் உருவாக்கியவை. உயிரினங்கள், ஊர்கள், மலைகள் பற்றிய தரவை வாக்கியமாக மாற்றிய பக்கங்கள் அவை. அவற்றைப் பேணத் தேவையான அளவு ஆட்கள் அந்த மொழியில் சேரவில்லை. தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை இலட்சத்துக்கு மேல்தான் வளர்ந்திருக்கிறது. அதன் பக்கங்களில் சண்டை போட ஆள் இருக்கிறது, ஒரு சொல் சரியா தவறா என்று பக்கம் பக்கமாக வாதிட ஆள் இருக்கிறது. எனக்கு அதுதான் உயிருள்ளது.

இன்னொரு வகை உழைப்பும் உண்டு. இணையத்தில் நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கக் கோணல் எழுத்துகளைக் காட்டி அடிக்கச் சொல்வார்களே, லூயிஸ் வான் ஆன் குழுவினர் 2007இல் உருவாக்கிய ரீகேப்ட்சா, அந்த எழுத்துகளைப் பழைய புத்தகங்களிலும் செய்தித்தாள்களிலும் எந்திரம் படிக்கத் தவறிய சொற்களிலிருந்து எடுத்தது. 2009இல் கூகுள் அதை வாங்கியது. கோடிக்கணக்கானவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே மெய்ப்புப் பார்த்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அதைத் தன்னார்வம் என்று சொல்ல மாட்டேன். தன்னார்வத்தில் ஒருவர் தாம் என்ன செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம் என்று அறிந்து, விரும்பிச் செய்ய வேண்டும், விரும்பாதபோது நிறுத்தவும் முடிய வேண்டும்.

பெரிய மொழிமாதிரிகள் விஷயத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. 2020இல் வெளியான ஜிபிடி-3 பற்றிய ஆய்வுக் கட்டுரை, விக்கிப்பீடியாவைத் தன் பயிற்சித் தரவுகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. இணையத்தில் தமிழ் எழுத்து குறைவு. இருப்பதில் கவனமாகத் திருத்தப்பட்டது அதைவிடக் குறைவு. எனவே தன்னார்வலர் அடித்ததும் எழுதியதும், எந்திரம் தமிழ் கற்றதில் தம் அளவை மீறிய பங்கு பெற்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விக்கிப்பீடியாவின் உரிமம் யாரும் எடுத்துப் பயன்படுத்த இடம் தருகிறது, உரியவருக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறது. சட்டப்படி அதோடு முடிந்தது என்று சொல்லலாம். கடன் அதோடு முடிந்துவிடாது. தமிழ் பேசும் எந்திரத்தை விற்று வருமானம் பார்க்கும் நிறுவனங்கள், பழைய நூல்களை ஸ்கேன் செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் பணம் ஒதுக்குவது தருமம் அல்ல, திருப்பிக் கொடுப்பது.

நேரம் யாரிடம் இருக்கிறது

எந்திரம் வேலையைக் குறைத்தால் மனிதருக்கு ஓய்வு வரும், ஓய்வில் நல்ல காரியங்கள் செய்வார்கள் என்பது பழைய நம்பிக்கை. இன்னும் நூறாண்டில் வாரம் 15 மணி நேர வேலை போதும் என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் 1930இல் எழுதினார். அந்தக் கெடு முடிய அதிக ஆண்டுகள் இல்லை. சென்னையின் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் இரவு ஒன்பது மணிக்கு எரியும் விளக்குகளே போதும், அது நடக்கவில்லை என்று சொல்ல. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். அமெரிக்க இல்லங்களில் எந்திரங்கள் புகுந்த வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், 1983இல் வெளிவந்த தம் நூலில், சலவை எந்திரமும் அடுப்பும் வந்தபின்பும் பெண்களின் வீட்டுவேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று காட்டினார். அடிக்கடி துவைத்தார்கள், விதவிதமாகச் சமைத்தார்கள், ஆண்களும் பிள்ளைகளும் முன்பு செய்த பங்கு பெண்ணிடமே வந்து சேர்ந்தது. கிரைண்டரும் மிக்சியும் வந்த நம் வீடுகளில் மிஞ்சிய நேரம் எங்கே போனது என்று அந்தந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். விக்கிப்பீடியாவில் பெண்கள் குறைவு என்பதை விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆய்வுகளே பலமுறை சொல்லியிருக்கின்றன. தன்னார்வம் என்பது பொழுது இருப்பவரின் கொடை. பொழுது எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை.

எந்திரம் தொடவே முடியாத தன்னார்வமும் இருக்கிறது. 1981 ஜூன் 1 வாக்கில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அந்த இழப்பின் நினைவு உள்ள சமூகத்திலிருந்து 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகம் எழுந்தது. ஈழத்து நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், கோயில் மலர்கள் என்று அது சேர்த்து வைத்திருப்பவற்றில் ஒவ்வொன்றுக்காகவும் யாரோ ஒருவர் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார், பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், தாள் உதிராமல் புரட்டி ஸ்கேன் செய்திருக்கிறார், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்த நம்பிக்கையை ஊரில் சம்பாதிக்க எந்த நிரலும் உதவாது.

ஆகவே எதை எந்திரத்திடம் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று தெளிவாகப் பிரிக்க வேண்டும். முதல் வரைவை எந்திரம் தரட்டும். இரண்டு எழுத்துணரிகளின் வெளியீட்டை ஒப்பிட்டு, அவை மாறுபடும் இடங்களை நிறமிட்டுக் காட்டட்டும். அப்போது மனிதர் கண் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும், பெயின்பிரிட்ஜ் சொன்ன சலிப்பும் குறையும். 'அவா்' போன்ற குறியேற்றப் பிழைகளை நிரல் ஒரே நாளில் திருத்தலாம், அதற்கு மனிதரைச் செலவழிப்பது குற்றம். மொழிமாதிரி தானாகத் திருத்துவதை மட்டும் ஏற்கக் கூடாது. இங்கே ஐயம் என்று அது காட்டலாம், முடிவை மூலத்தைப் பார்த்த மனிதர் எடுக்க வேண்டும். அந்த மனிதரின் பெயர் நூலில் இருக்க வேண்டும். மதுரைத் திட்டம் தொடக்கத்திலேயே அதைச் செய்தது.

அரசுக்கும் பதிப்பகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய 1990களிலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் கணினியில்தான் அடிக்கப்படுகின்றன. கணினியில் அடித்து, தாளில் அச்சிட்டு, அதை ஸ்கேன் செய்து, எழுத்துணரியில் கொடுத்து, பிழையோடு வாங்கி, தன்னார்வலரைத் திருத்தச் சொல்கிறோம். மூலக்கோப்பு எங்கோ ஒரு பழைய வட்டில் கிடக்கிறது. நூலகங்களுக்கு நூல் வாங்கும்போதும், நூலை நாட்டுடைமையாக்கும்போதும், கோப்பு கிடைக்கக்கூடிய இடத்தில் அதையும் சேர்த்துப் பெற்றுப் பொதுவில் வைத்தால் எத்தனை ஆயிரம் மணி நேரம் மிஞ்சும்! அந்த நேரத்தை, கோப்பே இல்லாத பழைய நூல்களுக்குக் கொடுக்கலாம்.

வாசகரிடம் கேட்பது சிறியதுதான். தமிழ் விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்கப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். நாட்டுடைமையான நூல்களின் பட்டியலில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரோ, நீங்கள் பள்ளியில் படித்த எழுத்தாளர் ஒருவரோ கட்டாயம் இருப்பார். அவர் நூலைத் திறந்து, இடப்பக்கம் இருக்கும் எழுத்தை வலப்பக்கம் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் திருத்துங்கள். அரைமணிக்கு மேல் ஒரே இருப்பில் செய்யாதீர்கள், கண் ஏமாற்றும். மஞ்சளான பக்கம் கண்ணில் பட்டால் இரண்டாவது ஆளாக நின்று அதைப் பச்சையாக்குங்கள். சிவப்புப் பக்கங்கள் இன்னும் ஏராளமாகக் காத்திருக்கின்றன.